மருந்தில் சேராத குளிசைகள்

ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்த நான் மருந்து, குளிசை பற்றியெல்லாம் எழுத வருவது சரியில்லைதான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் நின்ற அந்த மூன்று போத்தல்களைப் பற்றி எனக்குத்தான் தெரியும்.

பைபாஸ் செய்ய வேண்டும் என்றதும் அண்ணா கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தைக்கு என்னிடம் வந்துவிட்டார். கனடாவில் இருக்கும் அவருடைய மகள் போத்தல்களை அனுப்பினாள். ஒன்றில் மீனெண்ணெய், ஒன்றில் விட்டமின் ஈ. மூன்றாவதன் பெயர் என் வாயில் நுழையாது. இதயத்தின் செல்களுக்குச் சக்தி உண்டாக்குமாம். அண்ணா கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், எதையும் பகிடியாக்குவார். "முந்தி டோர்ச்சுக்குச் செல் போட்டனாங்கள். இப்ப செல்லுக்கே கரண்ட் குடுக்க வேண்டிக் கிடக்கு. கொண்டா பிள்ளை, சார்ஜ் போடுவம்" என்று கையை நீட்டுவார். எங்கள் வீட்டில் மருந்து என்றால் டொக்டர் எழுதித் தருவது. வெளிநாட்டிலிருந்து வருவது சத்து. பாலோடும் முட்டையோடும் சேர்ந்தது.

வார்ட்டில் சேர்த்த அன்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: "வெனத் பெஹெத் பொனவாத?" வேறு மருந்து ஏதும் குடிக்கிறாரா என்று. அண்ணாவை ஈ.சி.ஜி. எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். சத்துக் குளிசையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பெரிய டொக்டர், பின்னால் நாலைந்து பேர். இதையும் மருந்தென்கிறாளே என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம். "நே", இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று காலையும் மூன்றையும் கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தேன்.

ஒப்பரேஷன் முடிந்தும் இரத்தம் நிற்கவில்லை. திரும்பவும் நெஞ்சைத் திறந்தார்கள். அதன் பிறகுதான் டொக்டரிடம் சத்துக் குளிசைகளைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் கோபிக்கவில்லை. இரத்தம் கசிய எத்தனையோ காரணம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் சில குளிசை இரத்தத்தை உறைய விடாது, தெரிந்திருந்தால் நிறுத்திவிட்டு நாளைத் தள்ளிப்போட்டிருப்போம் என்றார். நாலாம் நாள் அண்ணா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணாவின் மகள் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்தாள். "மாமி, நான் அனுப்பினதாலை அப்பாவுக்குக் கொஞ்சமாவது பலன் இருந்திருக்கும், என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன். டொக்டருக்குச் சொன்ன "நே" போலவே அதுவும் சுலபமாக வந்தது.

மறுநாள் காலை நானே அவளுக்கு ஃபோன் எடுத்து, டொக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.