பதில் சொன்ன பெட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் "உங்க சைடுலதான் பிரச்சனை மேடம்" என்று யாராவது சொன்னால் உடனே வரும். அந்த வாரம் முழுக்க எங்கள் அலுவலகத்து ஐடி ஆள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னையில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எனக்கு பில் போடும் வேலை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்தே செய்கிறேன். மற்ற எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். விபிஎன் போட்டு வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைகிறவள் நான் ஒருத்திதான். அந்த வாரம் அங்கே புது சர்வர் வைத்தார்கள். அன்றிலிருந்து விபிஎன் சமர்த்தாக இணையும். பில்கள் இருக்கும் பொது ஃபோல்டர் மட்டும் திறக்காது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் போன் செய்தார். "இப்படியே இழுத்துக்கினு இருந்தா வேலை ஆவாதும்மா. திங்கக்கிழமையில இருந்து ஆபீஸ் வந்துடுங்க."

அவருக்குச் சொல்வது சுலபம். விடியலில் ரயில் ஏறி இருட்டிய பிறகு திரும்புவது எனக்கு ஒன்றும் புதிதல்ல, பல வருஷம் அலைந்தவள்தான். ஆனால் எங்கள் தறியில் ஓடுவது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளவேண்டும். காலையில் நான் வேலையைத் தொடங்குவதற்கு முன்பும், சாயங்காலம் முடித்த பிறகும் அந்த ஆள் நான்தான். நான் சென்னைக்குப் போனால் என் கணவர் கோர்வையை விட்டுவிட்டு, ஒண்டி ஆளாக நெய்யக்கூடிய புடவைக்கு மாறவேண்டியதுதான். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வது பிடிக்கும். சண்டை போட்ட நாளில்கூட அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் கை ஒன்றாகத்தான் ஓடும். அதை ஒரு ஃபோல்டருக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலையில் ஐடி ஆளைப் பிடித்தேன். ஏற்கெனவே விபிஎன்னை அழித்து, மறுபடி போட்டு, அதை மறுபடி அழித்து, நானே சலித்துப்போயிருந்தேன்.

"சர்வர் நம்பருக்கு பிங் குடுங்க மேடம். பதில் வருதா?"

"வருதே."

"அப்ப நெட்வொர்க் நல்லாத்தான் இருக்குது. உங்க லேப்டாப்புலதான் ஏதோ."

போனை வைத்தேன். ஆத்திரத்தில் விபிஎன்னைத் துண்டித்தேன். திட்ட வேறு ஆள் இல்லாததால் அந்த சர்வரையே இன்னொரு தடவை பிங் கொடுத்துக் கூப்பிட்டேன். பதில் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விபிஎன்னே இல்லை. சென்னையில் இருக்கிற சர்வர் எப்படிப் பதில் சொல்லும்? அப்படியானால் பதில் சொல்வது சர்வரே இல்லை. என் வீட்டுக்குள் இருக்கிற வேறு ஏதோ ஒன்று.

எங்கள் வீட்டு வைஃபையில் இருப்பவை என் லேப்டாப், இரண்டு போன், அப்புறம் தறியின் டிசைன் பெட்டி. எந்த நூல் எப்போது எழும்பவேண்டும் என்று தறிக்குச் சொல்லும் பெட்டி அது. மாட்டிய மெக்கானிக் அதற்கு ஒரு நிரந்தர நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பார்த்தால் அதுவும் சர்வரின் நம்பரும் ஒன்றேதான்.

"ஏங்க, பெட்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

தறியில் ஓடும் பாவு நூலையே அறுக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். "புட்டா பூவு பாதியில நிக்குதும்மா. எங்க நிக்குதுன்னு மறந்துட்டா?"

"கரண்ட் போறப்ப எல்லாம் மறந்துடுச்சா?"

அணைத்தார். பதில் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று விபிஎன்னைப் போட்டேன். அப்போதும் ஃபோல்டர் திறக்கவில்லை.

ஒரு டம்ளர் காபி குடித்துக்கொண்டே யோசித்தேன். பெட்டி மட்டும் காரணம் இல்லை. அலுவலகத்தின் புது நம்பர் வரிசையும் எங்கள் வீட்டு ரூட்டர் தரும் வரிசையும் ஒன்றாக இருந்தன. பத்தாம் நம்பர் வீடு நம் தெருவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறவன் அதைத் தேடி சென்னைக்கு பஸ் ஏறுவானா? என் லேப்டாப்பும் சர்வரை இந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. அப்படியானால் மாற்றவேண்டியது என் வீட்டு வரிசையை. செய்துவிடலாம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பெட்டியைப் போடச் சொல்லி, அதன் சின்னத் திரையில் புது நம்பரை அடித்தேன். ரூட்டரிலும் வரிசையை மாற்றினேன். அவர் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். நூல்கள் எழும்பின. குனிந்து புட்டாவைப் பார்த்தார்.

"சரியா இருக்குது."

விபிஎன் போட்டேன். ஃபோல்டர் திறந்தது. வாய்விட்டுக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். ஐடி ஆளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, "இப்ப சொல்லுங்க சார், எந்த சைடு?" என்றேன். மனிதர் சிரித்துச் சமாளித்தார். கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து, வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மெசேஜ் வந்தது.

"வாங்க, உக்காரலாம்" என்று தறிக்கு வந்தேன். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நேத்தே முதலாளிகிட்ட சொல்லிட்டேன்மா. இந்தப் பொடவை முடிஞ்சதும் ஒண்டி ஆள் நெய்யுற பாவு குடுங்கன்னு."

"எதுக்கு? யாரக் கேட்டு சொன்னீங்க?"

"எனக்காகப் பாத்து நீ வேலைய வுட்டுடுவியோன்னுதான்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பட்டு கொடுக்கும் அந்த முதலாளிக்கு நானே அடித்து, கையில் திணித்தேன்.

"இப்பவே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதலாளி, நேத்து சொன்னது வேணாம். அடுத்ததும் கோர்வையே குடுங்க. கூட உக்கார ஆள் இருக்குது."