பன்னிரண்டாம் பக்கம்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் வலது மணிக்கட்டில் நாலு விரல் தடம் இருக்கிறது. வருஷம் ஒன்றாகியும் போகவில்லை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "யாரோ வெறியோட இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கே. கட்டைவிரல் தடம் மட்டும் காணோமே?" என்றார். களிம்பு கொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டார். நானும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அப்போது நான் பகலில் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் கட்டிங் மெஷின் ஓட்டினேன். சாயங்காலத்தில் காலேஜ். டிகிரி முடித்தால் ஆபீஸில் உட்கார வைக்கிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இடது சுண்டுவிரலை அந்த மெஷின் ஏற்கெனவே வாங்கிக்கொண்டது. மிச்சம் ஒன்பதையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் படிப்பின் லட்சியம். வேறு பெரிய லட்சியமெல்லாம் கிடையாது.

பாக்கி இருந்தது ஒரே பேப்பர். அமெரிக்கச் சிறுகதை. இரண்டு தடவை ஊத்திக்கொண்டது. மூன்றாவது தடவையும் போனால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

அந்தப் பேப்பர் எடுத்தவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கடைசிப்பக்கம் சார். கதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். கடைசிப் பக்கம் மட்டும் இருக்காது. வகுப்பிலேயே உட்கார்ந்து முடிவை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு இருபது மார்க். எழுதிக் கொடுத்த பிறகுதான் நிஜமான கடைசிப் பக்கத்தைக் கண்ணில் காட்டுவார்.

"அமெரிக்காக்காரன் வெடியையெல்லாம் கடைசிப் பக்கத்துலதான்யா வெச்சிருப்பான். நீயே ஒரு தடவ கொளுத்திப் பாரு. அப்பதான் கதை எப்படி வேலை செய்யுதுன்னு புரியும்" என்பார்.

என் பக்கத்தில் உட்காரும் லாரி டிரைவர் குனிந்து முணுமுணுப்பான். "என் கதையே எங்க முடியப்போகுதுன்னு தெரியல. இவரு வேற..."

அந்த வாரம் ஓவர்டைம். நான் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் சாரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன்.

"ஓவர்டைம் பாத்தா மார்க்கையும் ஃபேக்டரியிலயே வாங்கிக்கோ" என்றார். அப்புறம் மனசு இளகியது. "சரி. வெள்ளிக்கிழமை வகுப்பு இல்ல. பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போ. பீரோவுல வெள்ளைத்தாள் இருக்கு. எட்டு மணிக்குள்ள எழுதி ஸ்டாஃப் ரூமுக்கு வந்துடணும். யாரோடதையாவது பாத்து எழுதினே... தொலைச்சிடுவேன்."

ஜெராக்ஸைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார். "ஏழு வருஷமா இந்தக் கதைய நான் எடுக்கறதில்ல. புது சிலபஸ்ல திரும்ப வந்துடுச்சு."

ஏன் எடுப்பதில்லை என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மணி 6.40. வாசலில் சாவிக்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். காலேஜின் அத்தனை ரூம் சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

"வா ஒன்பதுவிரல். வெள்ளிக்கிழமை கூடவா படிப்பு? கலெக்டர் ஆகிடுவே போல."

"பதினாலாம் நம்பர் சாவி குடுக்கா."

அவள் சிரிப்பு நின்றது. வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். வழக்கமாக அவளே கூட வந்து திறப்பாள்.

"நீயே தொறந்துக்கோ. நான் அங்க வரமாட்டேன். எட்டு மணிக்குக் கிளம்பிடுவேன், தம்பிய திருப்பிப் படுக்க வைக்கணும்."

அவள் தம்பி பல வருஷமாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஏதோ ரோட்டு விபத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

6.47க்கு ரூமைத் திறந்தேன். பெஞ்சுகள் எல்லாம் பழசு. முதல் வரிசையில் ஒன்று மட்டும் புதுசு. அதைச் சுற்றித் தரை வெளிறிப்போயிருந்தது. அங்கே மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது போல. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது. உட்கார்ந்தேன்.

கதை பதினொரு பக்கம். பனிக்காலம், தனி வீடு. அண்ணன் இரும்புத் தடியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறான். சண்டை போட்டுக்கொண்டு போன தம்பி பனியில் நடந்து வருகிறான். பதினோராம் பக்கம், 'கதவு திறந்தது' என்று முடிந்தது. பன்னிரண்டாம் பக்கம் இல்லை.

அரைமணி நேரம் பேனாவைக் கடித்தேன். ஒரு வரி வரவில்லை. பத்து மணி நேரம் மெஷினில் நின்ற உடம்பு. கண் சொக்கியது.

வெள்ளைத்தாள் எடுக்க 7.25க்கு பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் கை விட்டபோது பின்பக்கத் தகரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தேன். எழுதிய தாள். பாதிக்கு மேல் காப்பிக்கறை போலக் காய்ந்து விறைத்திருந்தது.

இதே கதை. இதே முடிவு எழுதும் வேலை. அழகான கையெழுத்து.

யாரோ பழைய ஆள் எழுதியது. சாருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? இருபது மார்க். ஒன்பது விரல். நான் அதைப் பக்கத்தில் வைத்து அப்படியே காப்பியடிக்க ஆரம்பித்தேன்.

'அண்ணன் தடியை ஓங்கினான். முதல் அடி தம்பியின் தோளில் விழுந்தது.'

டொம்.

எனக்குப் பின்னால். மூட்டையைத் தடியால் அடித்த சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. மணி 7.34. மேல் மாடியில் ஏதாவது விழுந்திருக்கும். எழுதினேன்.

'இரண்டாவது அடி முட்டியில்.'

மளுக்.

எலும்புச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் விரல் போனபோது கேட்டது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மார்க்... அந்த மார்க். இன்னும் நாலு வரிதானே என்று குனிந்தேன்.

'மூன்றாவது அடி விலாவில்.'

என் காதுக்குப் பக்கத்தில் யாருடைய மூச்சோ தெறித்தது. ஈர மூச்சு.

'நான்காவது அடி கையில். கட்டைவிரல் நசுங்கியது.'

அலறல். அடக்கிய அலறல். பெஞ்சு தடதடவென்று ஆடியது.

'ஐந்தாவது அடி தாடையில்.'

தாள் மேல் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு. இன்னொன்று. அப்புறம் என்னவோ கெட்டியாக விழுந்து, உருண்டு, பேனாவில் இடித்து நின்றது.

பல்.

7.49. பழைய தாளைப் பார்த்தேன்.

'ஆறாவது அடி' என்று ஆரம்பித்திருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத்து இல்லை. பேனா ஒரே கோடாக இழுத்துக்கொண்டு தாளின் விளிம்பு வரை போயிருந்தது.

அப்போதுதான் பிடித்தது.

என் வலது மணிக்கட்டை. சில்லென்று. எலும்பு நெரிகிற பிடி.

எழுதச் சொல்லி அழுத்துகிறது என்று நினைத்தேன். முடிவு வேண்டுமாம். முடிவைக் கொடுத்தால் விட்டுவிடும் என்று நினைத்தேன்.

இடது முஷ்டியால் அதைக் குத்தினேன். பல்லால் கடித்தேன். என் தோலில்தான் பல் பட்டது. ரத்தம் வந்தது. அது விடவில்லை. நானும் பேனாவை விடவில்லை.

இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து, முழு பலத்தோடு தாளில் குத்தி, எழுதினேன்.

'ஆறாவது அடி உச்சந்தலையில் விழுந்தது. அவன் அப்புறம் எழவில்லை.'

சத்தம் வரவில்லை.

பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக.

7.52.

எழுதிய தாளைச் சுருட்டிக்கொண்டு படியில் உருண்டேன். ஸ்டாஃப் ரூமில் சார் கையில் திணித்தேன். சிவப்புச் சொட்டு ஒன்றுகூட அதில் இல்லை. பழைய தாளை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வாசலில் அக்காவுடைய நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சாவிக்கொத்து தரையில் கிடந்தது. அக்கா இல்லை.

பத்து நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"தம்பி போயிட்டான்டா."

"எப்பக்கா?"

"அன்னிக்கு நீ சாவி வாங்கிட்டுப் போனேல்ல. அன்னிக்குத்தான். ஏழு அம்பத்திரண்டுன்னு எழுதியிருக்காங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷமா வாய தொறக்காதவன்டா. அன்னிக்கு ஏழரைக்கு மேல கத்த ஆரம்பிச்சிருக்கான். 'எழுதாதே, எழுதாதே'ன்னு. நர்ஸுங்க ரெண்டு பேரு பிடிச்சும் முடியலயாம். கைய நீட்டி எதையோ பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தானாம். அப்புறம் திடீர்னு மண்டை ஓடு ரெண்டா... யாரும் தொடலடா. நர்ஸுங்க கண்ணு முன்னாலயே..."



"அவனுக்கு என்னக்கா ஆச்சு, முதல்ல?"

"இங்கதான் படிச்சான். பதினாலாம் நம்பர்ல தனியா உக்காந்து ஏதோ கதைக்கு முடிவு எழுதிக்கிட்டு இருந்தான். பின்னால வந்து எவனோ அடிச்சுப் போட்டுட்டான். இன்னிக்கு வரைக்கும் எவன்னு தெரியாது. அஞ்சு அடி. தோள், முட்டி, விலா, கை, தாடை. அதுல ஒரு கட்டைவிரல எடுத்துட்டாங்க. தலையில ஒரு கீறல்கூட இல்ல. ஏன் கண்ணு முழிக்கலன்னு டாக்டருங்களுக்கே புரியல. அதுக்கப்புறம்தான் காலேஜ்ல எனக்கு இந்த வேலைய குடுத்தாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் எழுதின பேப்பர் மட்டும் கெடைக்கவே இல்ல. போலீஸ் பீரோவ கவுத்துப் போட்டுத் தேடினாங்க."

என் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டேன்.

"என்னடா கையில?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சுக்கா."

"பத்திரம்டா. ஒன்பதுதான் இருக்கு."

அந்த வாரமே சார் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இருபதுக்குப் பதினெட்டு. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'முதல் ஐந்து அடி சுமார். ஆறாவது பிரமாதம்.'

பாஸாகிவிட்டேன். இப்போது ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது விரலும் இருக்கின்றன. காலேஜ் வழியாகப் போகும்போது பார்த்தால் அக்கா இன்னமும் கலெக்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

சில சமயம் சட்டைக் கையை மடித்துத் தடத்தைப் பார்ப்பேன். நிதானமாகப் பார்த்தால் தெரிகிறது. பேனாவைத் தாளை நோக்கி அழுத்திய பிடி இல்லை அது.

பின்னால் இழுத்த பிடி.