சோடா மூடி தெரிகிற தண்ணீர்

என் அத்தான் மார்க்கண்டுவுக்கு நீந்தத் தெரியாது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணிக்குப் போனாலும் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு எழும்பி வருகிறவர். அப்படிப்பட்டவர் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இரண்டு வருடம் ஒரு நீச்சல் தடாகத்தைப் பராமரித்தார். எங்கள் ஊர் இணுவில் ஆட்களிடம் இதைச் சொன்னால் எந்தத் துன்பத்துக்குள்ளும் ஒருமுறை சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் முந்திரிகைத் தோட்டக்காரர். புத்தகம் எழுதுகிறவர்கள் திராட்சை என்பார்கள். எங்களுக்கு அது முந்திரிகைதான். இணுவிலில் அவருடைய பந்தலைப் பார்க்க அயலூர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொடியில் பூஞ்சணம் விழுந்தால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார். இலையெல்லாம் நீலம் பூத்து நிற்கும், கொடியைப் பிடித்த வருத்தம் ஓடிவிடும். அந்த நீலக் கட்டிகளைச் சுன்னாகத்தில் இருந்த என் விவசாய மருந்துக்கடையில்தான் வாங்குவார். துத்தத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை கோயிலில் வாங்கிய திருநீற்றின் மீதுகூட இருந்ததோ தெரியாது. அது செம்பிலிருந்து செய்கிற சாமான் என்று நானே ஒருநாள் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரே கந்தசுவாமி கோயிலுக்குள் அடைந்து கிடந்தது. அத்தான் மட்டும், கொடி வாடிப்போகும் என்று தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனார். சோற்றுக்குக் கூப்பிட என் அக்கா பராசக்தி பின்னால் போனார். ஷெல் பந்தலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அக்காவின் இடுப்புக்குக் கீழே துண்டு பாய்ந்து, மூன்று மாதம் ஆசுபத்திரியில் கிடந்து, வலது கால் சூம்பி, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பந்தலை அவர் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை; கொடிகள் தானாகச் செத்தன.

கொழும்புத்துறையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லம் இருந்தது. இளம்பிள்ளைவாதம் வந்த பிள்ளைகளும் காயக்காரரும் தண்ணீருக்குள் நின்று பயிற்சி செய்வதற்கென்று வெளிநாட்டுக்காரர் யாரோ அங்கே ஒரு சின்னத் தடாகம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் நெஞ்சளவு. அதைக் கழுவித் துடைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அத்தான் போய் நின்றார். வேலையும் கிடைத்தது, இல்லத்து வளவின் பின்பக்கம் குடியிருக்க ஓர் அறையும் கிடைத்தது. அக்காவையும் தடாகத்தில் இறக்கலாம் என்று பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஸ்ரெல்லா ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். அக்கா நெஞ்சுக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு, வெட்கத்தில் யாரையும் பார்க்காமல், படிப்படியாக இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் கரைக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கம்பியை விட்டார். ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, நான் நடக்கிறன்! பாருங்கோவன், பிடியாமல் நடக்கிறன்!"

அத்தான் கரையில் குந்தியிருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வந்துபோகிற டாக்குத்தர் அக்காவின் காலைச் சோதித்துவிட்டு, "ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் தண்ணிக்குள்ளை நடந்தால் தரையிலையும் தடியில்லாமல் நடப்பியள். இடையிலை விட்டால் முதலிலை இருந்துதான் துவங்க வேணும்" என்றார். அக்கா சுவரில் கரிக்கட்டியால் நாள் கீறத் தொடங்கினார்.

சிஸ்டர் ஸ்ரெல்லாவிடம் ஒரு சட்டம் இருந்தது. தினமும் காலையில் ஒரு சோடா மூடியைத் தடாகத்தின் ஆழமான பக்கத்தில் போடுவார். கரையில் நின்று பார்த்தால் அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு ஒருவரும் இறங்கக்கூடாது.

"பிள்ளையொண்டு விழுந்து கிடந்தாலும் தெரியாத தண்ணிக்குள்ளை நான் ஆரையும் விடமாட்டன், மார்க்கண்டு" என்பார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் மாதம் மூடி தெரிந்தது. வைகாசி வெயிலில் தண்ணீர் பச்சை பிடித்தது. இல்லத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் போட்டார். பச்சை முற்றாகப் போகவில்லை. மூன்று நாள் அக்கா இறங்கவில்லை. தண்ணீருக்குள் வேறு ஒரு சாமானும் போடக்கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"சீவரத்தினம், ஒரு றாத்தல் துத்தம் தா."

"கொடி இல்லை, துத்தம் எதுக்கு அத்தான்?"

"தண்ணியிலை பாசி. கொடிப் பூஞ்சணத்தைக் கொல்லுறது உந்தப் பாசியைக் கொல்லாதோ?"

நிறுத்துக் கொடுத்தேன். மறுநாள் தடாகம் கண்ணாடியாய்க் கிடந்தது. சிஸ்டர் அவரைப் புகழ்ந்தாராம். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் அரிசி கழுவின மாதிரிக் கலங்கியது. பிறகு படிகளில் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள் விழுந்தன. புள்ளி படர்ந்து கறையாகி, கறை கறுத்து, வெள்ளைச் சீமெந்துத் தரை தேமல் பிடித்த முதுகாக மாறியது. அத்தான் தேங்காய்த் தும்பால் தேய்த்தார், கம்பித் தூரிகையால் தேய்த்தார், செங்கல் தூளால் தேய்த்தார். கடைசியில் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுத் தரையைச் சுரண்டித் திரும்ப நிரப்பினார். அதற்கு ஒரு கிழமை, ஏழு நாளும், போனது. அக்கா சுவரில் இருந்த கோடுகளை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார்.

திரும்பப் பச்சை வந்தது. திரும்பத் துத்தம் போட்டார். திரும்பக் கலங்கல், திரும்பக் கறை. ஒன்றரை வருடம் இதுதான் கதை. அவர் மெலிந்துபோனார். கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து புண்ணானது. விடிந்ததும் முகம் கழுவாமல் தடாகத்துக்கு ஓடுவார். அக்கா அறைக்குள் கட்டிலில் இருந்தபடியே கேட்பார்.

"இண்டைக்கும் இல்லையோ?"

அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெயில் குறைந்து பச்சை பிடிக்காத ஒரு மாரியில் மட்டும் அக்கா தொண்ணூற்றிரண்டு கோடு வரை வந்தார். அந்த நாட்களில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அறைக்குள் நாலு எட்டு வைத்தும் காட்டினார். தொண்ணூற்று மூன்றாம் நாள் மூடி தெரியவில்லை.

அன்றைக்கு அவர் கடைக்கு வந்தபோது நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"உந்தத் துத்தம் காணாது போலை கிடக்கு" என்றார்.

"கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பாருங்கோ, அத்தான்" என்றேன்.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எந்த மருந்து கேட்கவில்லை என்று எந்தத் தோட்டக்காரன் வந்து நின்றாலும் நான் சொல்லுகிற பதில் அதுதான். ஒருநாள் போய் அந்தத் தரையைக் குனிந்து பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். அரை மணித்தியால வேலை. செய்யவில்லை. அவ்வளவு பெரிய மனிசன் நான்.

எண்பத்தொன்பது மார்கழியில், மழை விட்ட ஒரு காலையில், தடாகம் மறுபடியும் வெறுமையாகக் கிடந்தது. இந்த முறையும் கறை வந்தால் வேறு வழி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் போனபோது அக்கா தடாகத்தின் தரையில் உட்கார்ந்திருந்தார். படிப்படியாக உட்கார்ந்தபடியே அரைந்து அரைந்து இறங்கியிருக்கிறார். மடியில் ஓர் உருண்டை பழப்புளி. அத்தான் எதிர்மூலையில் கம்பித் தூரிகையோடு நின்றார்.

"என்னக்கா செய்யிறாய்?"

"செப்புக்குடத்திலை பிடிக்கிற களிம்பு மாதிரிக் கிடக்கு. எதுக்கும் புளி போட்டுப் பாப்பமெண்டு."

தேய்த்தார். தண்ணீர் ஊற்றினார். கறுப்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"சிஸ்டர்! ஓடியாங்கோ! கறை போகுது!"

அக்கா அப்படிக் கத்திச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. சிஸ்டர் ஸ்ரெல்லா ஓடி வந்து, குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் சந்தோசம். ஆனால் அக்கா கெட்டிக்காரி. அடுத்ததாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"புளிக்குப் போகுதெண்டால் இது செம்பு. இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை செம்பு எங்காலை வந்தது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக நோயை மருந்தென்று நினைத்துக் கொட்டியிருக்கிறோம். துத்தத்தை நிறுத்திவிட்டு, தரையைப் புளியால் தேய்த்து, பச்சைக்குப் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போட்டால் தண்ணீர் தெளியும். அதைச் சொன்னால் போதும்.

"கிணத்துத் தண்ணியிலை இருக்கும்" என்றார் அத்தான்.

சிஸ்டரின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் மருந்துக்கடை வைச்சிருக்கிறனீங்கள். கிணத்துத் தண்ணியிலை அப்பிடிச் செம்பு இருக்குமோ?"

"இருக்கலாம், சிஸ்டர்" என்றேன்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையோடு தடாகம் முடிந்தது. செம்பு ஊறுகிற தண்ணீருக்குள் நோயாளிகளை இறக்க முடியாது, வேறு கிணறு வெட்ட வசதியும் இல்லை என்று சிஸ்டர் தீர்மானித்தார். தை பிறந்ததும் பாரவூர்தியில் மண் வந்தது. மண் கொட்டுவதை அக்கா ஊன்றுகோலோடு நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு அறைக்குள் போய்ச் சுவர்க் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தார்.

இணுவிலுக்குத் திரும்பிப் போக பஸ்ஸுக்கு நின்றபோது அத்தான் என்னை அக்காவிடமிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"உண்மையைச் சொன்னால் என்னை நிப்பாட்டிப்போடுவினம், அறையும் போயிடும், பிறகு அவள் என்னெண்டு தண்ணிக்கு வாறது எண்டுதான் வாயிலை வந்ததைச் சொன்னனான். இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது? நான் திரும்பிப் போய்ச் சிஸ்டரிட்டைச் சொல்லப்போறன்."

"இனிச் சொல்லி என்னத்தைக் காணப்போறியள்? விடுங்கோ" என்றேன்.

மண்ணைத் திரும்பக் கிண்டலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னால் என் பெயரும் சேர்ந்து வரும். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. அந்த ஆனியில் சண்டை மூண்டு, மோட்டார் இறைக்க மின்சாரமும் இல்லாமல் போனபோது, எப்படியும் தடாகம் நின்றிருக்கும்தானே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். தையிலிருந்து ஆனிக்கு ஏறத்தாழ ஆறு மாதம். டாக்குத்தர் கேட்டதும் ஆறு மாதம்தான்.

ஐந்து வருடத்துக்கு மேலாக அக்கா அந்த ஊன்றுகோலோடு முற்றத்துக்கும் கிணற்றடிக்குமாக இருந்தார். இந்தத் தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதையும் ஒரே நாளில் ஊரைவிட்டு எழும்பச் சொன்னார்கள். அக்காவை அத்தானின் சைக்கிள் கரியரில் இருத்தி, அவர் உருட்ட, நான் என் சைக்கிளோடு பக்கத்தில் நடந்தேன். மழை. செம்மணி வெளியில் லட்சக்கணக்கான சனம் ஓரடி வைத்து ஒன்பது நிமிடம் நின்றது. விடிந்து வெளிச்சம் வந்தபோதும் நாங்கள் வெளி முடிகிற இடத்துப் பாலத்தைக் காணவில்லை. ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். அத்தானின் சைக்கிள் இரண்டுமுறை சரிந்தது. அக்கா ரோட்டையும் இரண்டு பக்கத்து வெளியையும் பார்த்துவிட்டு, அவரைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, மெல்லச் சிரித்தார்.

"உந்தத் தண்ணி என்ரை நெஞ்சு மட்டும் ஏறினால் நான் இறங்கி நடந்திடுவன், என்ன?"

அத்தான் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் வந்த சனம் ஏசியது. அவருக்குக் கேட்கவில்லை.

"பராசக்தி, அது கிணத்துத் தண்ணி இல்லை. நான்தான் துத்தம் போட்டனான். துவக்கத்திலை இருந்தே நான்தான். நீ புளி தேய்ச்சண்டைக்கு எனக்கு விளங்கினது. எண்டாலும் நான் சொல்லேல்லை."

அக்கா முகத்தில் வழிந்த மழையைக் கையால் துடைத்தார்.

"போட்டது பிழையில்லை. உங்களுக்குத் தெரியாது. நான் வாய்விட்டுக் கேட்டனான். அப்ப சொல்லியிருந்தால் நான் இண்டைக்கு நடந்து போவன்."

"பராசக்தி..."

"இறக்கி விடுங்கோ."

இறங்கினார். ஊன்றுகோலைத் தண்ணீருக்குள் ஊன்றி, ஆறு எட்டு வைத்தார். ஏழாவதில் விழுந்தார். அத்தான் பிடிக்க ஓடினார். அக்கா அவருடைய கையைத் தட்டிவிட்டு, சேற்றுக்குள் இருந்தபடி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"தம்பி, நீ உன்ரை சைக்கிளிலை ஏத்து. உன்னையும் எல்லோ இவர் நம்ப வைச்சு, சிஸ்டரிட்டை அப்பிடிச் சொல்ல வைச்சவர்."

அத்தான் என்னைப் பார்த்தார். அன்று தடாகத்துக்குள் நின்று பார்த்த அதே பார்வை. அவர் வாய் திறந்திருந்தால் நான் அந்தச் சனத்துக்குள் செத்திருப்பேன். அவர் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அக்காவைத் தூக்கி என் கரியரில் இருத்தினேன்.

இப்போது பாலத்துக்கு அப்பால் மீசாலையில் தெரிந்தவர் ஒருவருடைய வளவில் ஓலை மறைப்புக்குள் மூன்று பேரும் இருக்கிறோம். அக்கா சமைத்து அத்தானுக்கும் போடுகிறார், பேசுவதில்லை. அவர் விறகு பொறுக்குகிறார், தண்ணீர் அள்ளி வந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் இருக்கிறார். பக்கத்து மறைப்புப் பெண்கள் வந்தால், "என்ரை தம்பிதான் என்னை மீசாலை மட்டும் உருட்டிக்கொண்டு வந்தவன்" என்று அக்கா சொல்லுவார். தேத்தண்ணியும் முதலில் எனக்குத்தான் தருவார். அத்தான் அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாங்கிக் குடிக்கிறேன்.