சட்டை மட்டும் இருந்த பெட்டி

அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மாமா, வேலையிடத்தில் எல்லோருக்கும் ‘எட்டுக்கால்’. படுக்கையறை அலமாரியில் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள் வைத்து, உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்திகளை வளர்த்தார். சாதுவாக ஊர்கிற ரகம் அவருக்கு ஆகாது. மூடியைத் திறந்தால் கண்ணிமைப்பதற்குள் சிட்டாய்ப் பறக்கிற ரகம்தான் வேண்டும். கொழுப்புதான், வேறென்ன! அக்கா போட்டது ஒரே நிபந்தனை: “ஒண்ணு வெளிய வந்தாலும் நான் கெளம்பிடுவேன்.”

வந்தது. பெட்டியைக் கழுவும்போது ஒன்று அவர் கைமேல் ஏறி ஓடி, அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தச் சிலந்திகள் வளர வளரச் சட்டை உரிக்கும். உரித்த சட்டையில் கால், ரோமம், நச்சுப்பல் வரை அச்சு அசலாக இருக்கும். எடுத்து வைத்திருந்த அப்படியொரு சட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கால்களை விரித்துக் காயவைத்து, காலிப் பெட்டியின் மரப்பட்டைமேல் உட்காரவைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, துணி மடிக்கும்போது அக்காவின் விரலில் ஏதோ சுருக்கென்றது. ஊக்கு என்று நினைத்து உதறிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கை காலெல்லாம் இழுத்துப் பிடித்து, நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “ஏதாவது கடிச்சுதா?” என்று கேட்டார்.

“வீட்டுல சிலந்தி இருக்கு டாக்டர். ஆனா ஒன்பதும் பெட்டியில பத்திரமா இருக்கு, காலையிலகூட பாத்தேன். அவரு ரொம்ப ஜாக்கிரதையானவரு.”

மாமா வாயைத் திறக்கவில்லை. இதயக் கோளாறோ என்று இரண்டு நாள் சோதனைமேல் சோதனை. அவள் துடித்தாள், இந்த மனிதர் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் டீ வாங்கப் போன நேரத்தில், “தம்பி, அதுங்க பட்டினி கெடக்கும்டா, பாவம்” என்று அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். பெட்டிக்கு ஒரு கரப்பான்பூச்சியாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பெட்டியில் பூச்சி நேரே சிலந்தியின் முதுகில் ஏறி, நிதானமாக மீசையைத் தடவியது. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். வெறும் கூடு.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மருந்தை மாற்றினார்கள், வலி அடங்கியது. மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்” என்று அழுதார்.

அக்கா கையை உருவிக்கொண்டாள். “நானுந்தாங்க பயந்தேன். செத்துடுவேனான்னு ரெண்டு நாளா உங்ககிட்டதானே கேட்டுட்டு இருந்தேன்.”