நெற்குப்பை மாடியில் சிக்கிய குவேசார்

நட்சத்திரம் பார்க்கிறவன் மலைக்குப் போகாமல் ஏன் காரைக்குடிப் பக்கத்து நெற்குப்பைக்கு வந்தேன் என்றால், மலையில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு கிடையாது. எனக்குக் கிழக்கு மேற்காகத் தள்ளி வைக்க வேண்டியது இரண்டு டிஷ் ஆன்டெனா. வானத்தில் ஒரே பொருளின் ரேடியோ அலையை இரண்டும் பிடித்தால், திரையில் கோடு ஏறி ஏறி இறங்கும். குறி சிக்னஸ் ஏ: எழுபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் ஒரு கேலக்ஸி. அதன் நடுவில் தூசி மறைத்த குவேசார், அதாவது வாயுவை விழுங்கும் ராட்சதக் கருந்துளை.

கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து இதைத் துரத்துகிறேன். மதுரையில் எங்கள் மாடி போதவில்லை. நண்பன் முத்து வீட்டில் கல்யாணம் என்றதும், ஐப்பசியில் கிளம்பிவிட்டேன். டிஷ்களை டவுன் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் விடவில்லை. காரைக்குடியிலிருந்து ஆட்டோ, பேரம் பேசி எண்ணூறு ரூபாய்.

முகப்பு மாடியில் ஒரு டிஷ், பின்கட்டில் ஒன்று. திரை முழுக்க இரைச்சல். காரணம், கல்யாண சீரியல் லைட். சிக்னஸ் உச்சிக்கு வருவது ஆறேகாலுக்கு. நாளை மாடியில் பந்தல். இன்று விட்டால் போச்சு.

முத்துவின் அம்மாவிடம் போய், கேலக்ஸி ஒரு வீடு, கருந்துளை அதில் குடியிருப்பவன், அங்கிருந்து வரும் சத்தத்தைப் பிடிக்கிறேன் என்று விளக்கினேன். “லைட்டை அரை மணி நேரம் அணைச்சுத் தாரீகளா ஆச்சி?”

“வெளக்கு வைக்கிற நேரத்துல கல்யாண வீட்டை இருட்டாக்கவா? வெளங்கிரும். ஆமா, அங்க சத்தம் போடுறது வீடா, உள்ள குடியிருக்கவனா?”

விஞ்ஞானிகள் அடித்துக்கொள்வதே இதற்குத்தான். பெரும்பாலான குவேசார்கள் ரேடியோவில் அமைதி. அவற்றின் முணுமுணுப்பு கருந்துளையுடையதா, சுற்றியுள்ள கேலக்ஸியில் நட்சத்திரங்கள் பிறக்கும் சத்தமா என்று இன்னும் தீரவில்லை. அலறுபவை சில. அவை பெரும்பாலும் பிரம்மாண்டமான முட்டை வடிவக் கேலக்ஸிகளில் இருக்கும். சிக்னஸ் அந்த ரகம். கருந்துளை பீய்ச்சும் தாரைகள் கேலக்ஸியையே தாண்டிப் போய் அலறுகின்றன என்று ஆச்சியிடம் சொன்னேன்.

“குடியிருக்கவன் சத்தம் தெருவுக்கே கேக்குதாக்கும். எங்க வீட்டய்யா கணக்கா.” முற்றத்தில் முத்துவின் அப்பா பந்தல்காரரை வைதுகொண்டிருந்தார். “சரி, மெயினை அமத்து. எண்ணெ வெளக்கு ஏத்திக்கிறேன்.”

மெயினை அணைத்தேன். இரைச்சல் அடங்கியது. கோடு படுத்தே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. இந்த அலை கிளம்பியபோது பூமியில் புல்கூடக் கிடையாது.

நீங்களும் இதைப் பிடிக்க வருவதானால், லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள், போனை அணையுங்கள், கல்யாண வீட்டைத் தவிருங்கள். அரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. கோடு இன்னும் ஏறி இறங்குகிறது, அதனால் மெயினைப் போடவில்லை. “எவன்டா அமத்துனது?” என்று ஐயா படியேறி வருகிறார். நான் போகணும்.