அப்பாவுக்குப் போட்ட கதிரை

அண்ணனுக்குச் சாமி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்களுக்குக் குடியை விட ஒரே வழிதான் தெரியும்: மாலை போடுவது. அண்ணன் கண்விழிப்பதே சாராயத்தில்தான். அப்பா செத்த அன்றும் எங்கேயோ போதையில் கிடந்தான். எழுந்து வந்தபோது குழியை மூடியிருந்தோம். கடைசியாக அந்த முகத்தைப் பார்க்கவில்லையே என்று புலம்பிப் புலம்பி இன்னும் குடித்தான். ஒருநாள் அவனாகவே ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். அன்றோடு ஒரு சொட்டு இல்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. தூங்காத கண்கள் மூலையையே பார்த்தன. வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனம் திரண்டு வந்து கற்பூரம் கொளுத்தியது. பக்கத்து வீட்டு அக்கா அவன் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் என்று குறி கேட்டாள். இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியாதவனிடம் குறி!

அண்ணன் என்னைப் பார்த்தான். “தங்கச்சி, அப்பா நனைஞ்சுபோய் நிக்கிறாரு. உக்கார ஒரு கதிரை போடு.”

போட்டேன். வெறும் கதிரையோடு பேசிச் சிரித்தான். அப்படியொரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. அப்புறம் வலிப்பு வந்து விழுந்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில், மடவளை ஊர்க்கார டொக்டர் எங்களை நன்றாக ஏசினார். “ஒரேயடியா நிப்பாட்டினா உசிருக்கே மோசம். எங்கக்கிட்ட கூட்டி வந்துதான் நிப்பாட்டணும்.” விட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நடுக்கம் போனது. அப்பாவும் போனார்.

இப்போது அண்ணன் கண்டியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறான். குடிப்பதில்லை. எப்போது ஆசை வருகிறது, வந்தால் என்ன செய்வது என்று கிளினிக்கில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். நானும் கூடப் போவேன். போன தடவை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டான்.

“திரும்பக் குடிச்சிட்டு அதே மாதிரி நிப்பாட்டினா, அப்பா வருவாரா?”

அவன் கையைப் பிடித்தேன். “இத டொக்டர்கிட்ட சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன்.”

“சொன்னா அதுக்கும் மாத்திரை தருவாரு.”

எங்களைக் கூப்பிட்டார்கள். டொக்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். மற்றதில் உட்காராமல், அதன் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.