பொட்டு நிற்காத பொனட்

வாழைப்பழ எசன்ஸ் வாசம்... எங்கள் வீட்டுக்காரர் வாங்கிய முதல் காரை நினைத்தால், எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ரோட்டோரமாக அந்தச் சிவப்புக் காரை நிறுத்தியிருந்தார். யாரோ ஓட்டிக் கழித்த கார்தான். ஆனாலும் இவர் லொறி ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அதற்குள் போயிருந்தது. இனி லொறி கிடையாது, காரை வாடகைக்கு விட்டு ஹயர் ஓடித்தான் பிழைப்பு.

முதல் ஹயரும் அமைந்துவிட்டது. மேல் லயத்து ராக்கம்மா அக்காவின் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். பொண்ணை ஏற்றிக்கொண்டு ஹட்டன் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

கல்யாணக் கார் பளபளக்க வேண்டாமா? வினை அங்கேதான் பிடித்தது.

ஹட்டன் கடையில் நான் காருக்குப் பூசுகிற மெழுகு, ஒரு டின் வெக்ஸ், பார்த்து வைத்திருந்தேன். கெட்டியாக இருக்கும். மெல்லத் தேய்த்து, வெள்ளையாகக் காயவிட்டு, பிறகு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கடை வைத்திருந்த முஸ்லிம் நானா தன் சைக்கிள் மட்கார்ட்டில் போட்டே காட்டினார். இவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"நம்ம ஊரு பனியில அது எங்க காயுறது? போட்ட துணியே மூணு நாளாக் கொடியில தொங்குது!"

அதுவும் நியாயம்தான்...

அந்த நேரம் பார்த்து இவருடைய கூட்டாளி சேகர் ஒரு ஸ்ப்ரே போத்தலோடு வந்து நின்றான். "அண்ணி, அடிச்சித் தொடச்சா போதும். மொகம் பாத்துத் தலை சீவலாம்."

போத்தலைப் பார்த்ததுமே எனக்கு ஆகவில்லை. லேபிளில் ஒரு கார் படம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. விரலில் தொட்டேன். எண்ணெய்போல் வழுக்கியது, வாழைப்பழ எசன்ஸ் வாசம் மூக்கில் ஏறியது. தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

"எங்கடா வாங்கின?"

"தெரிஞ்ச எடம்தான் அண்ணி."

"அந்த எடத்துக்குப் பேரு கீரு இல்லையா?"

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? ஒன்னயக் கட்டி நான் படுற பாடு..."

ஆமாம், நான் அப்படித்தான். பால்மா பெக்கெட்டைக் குலுக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. ஆனால் அன்றைக்கு என் பேச்சு எடுபடவில்லை. இரண்டு பேரும் போத்தலில் பாதியைக் காலி செய்தார்கள். கார் மின்னியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் மின்னியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் கோயிலில் வண்டிப் பூசை. பொண்ணு ஏறப்போகிற கார் என்று இரண்டு லயமும் திரண்டு வந்திருந்தது. பூசாரி சந்தனத்தைக் குழைத்து, காரின் முன்பக்கப் பொனட்டில் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார்.

பொட்டு நகர்ந்தது.

மெதுவாக வழுக்கி, நம்பர் பிளேட் பக்கம் போய் விழுந்தது. பூசாரி இன்னொன்று வைத்தார். அதுவும் போய்விட்டது. மேளம் அடித்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"ஐயோ... இதுல யாரோ அடிபட்டுச் செத்துருக்காங்க!"

"அதான, இல்லாட்டி இவ்வளவு நல்ல காரை முந்தி வச்சிருந்தவன் ஏன் விக்கிறான்?"

ராக்கம்மா அக்கா ஒரே போடாகப் போட்டார். "பொட்டு நிக்காத வண்டியில எம்புள்ளய ஏத்த மாட்டேன்."

அவர் ஏற்றாவிட்டால் அந்தத் தோட்டத்தில் வேறு யார் ஏறுவார்கள்? இவரைத் திரும்பிப் பார்த்தேன். காரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். சொந்தக் காரின் மேல் அவருக்கே பயம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காருக்குள் கிடந்த போத்தலை எடுத்தேன். நேராகப் போய், ஓரமாக நிறுத்தியிருந்த சேகரின் பைக் டேங்கில் நன்றாக அடித்துத் துடைத்தேன்.

"பூசாரி ஐயா, இதுல ஒரு பொட்டு வைங்க."

வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப சொல்லுங்க, இவன் பைக்குலயும் யாராச்சும் செத்துட்டாங்களா?"

கூட்டம் சிரித்துவிட்டது. சேகர் மட்டும் சிரிக்கவில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து பொனட்டைத் தேய்த்தோம். துணியால் ஒற்றியபின் பூசாரி மறுபடி பொட்டு வைத்தார். கிட்டே குனிந்து பார்த்தேன்... பொட்டு அசையவில்லை.

ராக்கம்மா அக்கா அதற்கெல்லாம் மசிகிற ஆளா? காரைச் சுற்றி வந்து நாலு கதவையும் திறந்து அடித்துப் பார்த்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கினிகத்தேனை டவுனுக்குப் போயிட்டு வா, பாப்போம். மொதல்ல நான் போறேன். அப்பறம் எம்புள்ள."

அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில், மலை ரோட்டின் அத்தனை வளைவிலும் உட்கார்ந்து போய்த் திரும்பி வந்தார். இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"காலையில வெள்ளன வந்துரு தம்பி."

இவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தி சாய்வதற்குள் டின் வெக்ஸ் வாங்கி வந்து நானே போட்டேன். இவர் சொன்னதுபோலவே அது சரியாகக் காயவில்லை. கோகிலா வெள்ளைத் திட்டுத் திட்டான காரில்தான் கல்யாணத்துக்குப் போனாள். ஃபோட்டோவிலும் தெரிகிறது!

இப்போது ஹட்டனிலேயே வண்டி மின்னக் கோட்டிங் அடித்துத் தருகிறார்கள். இவரும் இப்போது ஓட்டுகிற வேனுக்கு அடித்துவிட்டார். நான் மட்டும் இன்னும் விரல் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன்.

எங்கள் மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். ஃபோனில் தட்டினால் வாசலுக்குக் கார் வருகிறது. யார் கார், எப்படி ஓட்டுவான் என்று கேட்டால் சிரிக்கிறாள். "டிரைவருக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க அம்மா, நீங்க சும்மா பயப்படாதீங்க."

அஞ்சு ஸ்டார் கொடுத்தது யார்? அந்த நாலு கதவையும் யார் திறந்து பார்த்தார்கள்?

தினம் ஒரு காரில் போகிறாள் என் பிள்ளை... அவளுக்கு முன்னால் அதில் ஏறிப் பார்க்க என்னால் முடிவதில்லை.